தோப்பூரில் ஊற்றி வைத்த தேநீர்

மழைக்காலம் என்பதால் உப்புவெளி விடுதியில் எங்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. மறுநாள் எங்கே போவது என்பதை மாலையில் நானும் என் கணவர் நிருபனும் முடிவு செய்வோம். எங்களோடு விடுதியில் தங்கியிருந்த அப்பா, முழங்கால் வலி என்று வெளியே வர மறுத்துவிட்டார்.

முதல்நாள் வெருகல் கோயிலுக்குப் போகும் வழியில் தோப்பூரில் ஒரு தேநீர்க்கடையில் இறங்கினோம். நாங்கள் கேட்கும் முன்பே கடைக்காரர் முனீப் பால் விடாமல் இரண்டு பிளேன்டீ ஊற்றி வைத்திருந்தார். ஒன்றில் சீனி இல்லை. நான் சீனி போடுவதில்லை.

"உங்கட அப்பா காலமை வந்தவர். நீங்கள் வருவியள் எண்டு சொன்னவர்."

திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"நான் எங்கையம்மா போனனான்? இந்தக் கதிரையிலைதான் இருந்தனான்."

விடுதிக்காரியும் ஓம் என்றாள்.

இரண்டாம் நாள் சேருவிலவுக்குப் போனோம். எங்கே போகிறோம் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. தோப்பூரில் அன்றும் தேநீர் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் இலங்கைத்துறைக்கு அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். முனீப் ஒன்றும் ஊற்றி வைத்திருக்கவில்லை.

"உங்கட அப்பாவை இண்டைக்குக் காணேல்ல, தங்கச்சி."

"இவர்தானே அப்பா!"

முனீப் அவரை நிதானமாகப் பார்த்தார். "இவர் இல்லை."

நான் சிரித்தேன். நிருபனும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"கொஞ்சம் பொறு, பிள்ளை," என்றார்.

மழை பெய்துகொண்டிருந்த வீதியைப் பார்த்தபடியே கடையின் நீள மர வாங்கில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஓராளுக்கு இடம் விட்டார்.