அம்சவள்ளி பாடின பாட்டு

"பாடத் தெரியாத பொண்ணு என் வூட்டுக்கு மருமகளா வேணாம்"னு விருத்தாசலம் ஒத்தக் கால்ல நின்னாரு.

விழுப்புரத்துக்காரரு, மாப்பிள்ளைக்கு அப்பா. பாட்டுன்னா பைத்தியம். ஒருதபா கச்சேரி கேட்டுக்கினே ரயில வுட்டுட்டு, சொந்த மச்சான் கல்யாணத்துக்கே போகல. அது கெடக்கட்டும்.

திண்டிவனத்துல கோவிந்தம்மா காதுல இது வுழுந்திச்சி. அவ பொண்ணு அம்சவள்ளி வாயத் தொறந்து பாடினா கட்டுன மாடு அத்துக்கினு ஓடும். மாப்பிள்ளை தேவநாதனோ ரயில்வேல தந்தி அடிக்கிறவன். ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போன பொண்ணு. இதுவும் போச்சின்னா அவ்ளோதான்.

கோவிந்தம்மா நேரா மைக்செட்டு மாரியப்பன் கிட்ட போயி நின்னா. அவனுக்கு ரெண்டு பொண்டாட்டி, ரெண்டும் அவன்கிட்ட பேசறதில்ல. அதான் ஊரெல்லாம் சத்தம் வெச்சிக்கினு திரியறான்னு பேச்சு. நல்லவன். பாட்ரியில பிளேட்டு சுத்திப் பாடற புதுப்பொட்டி ஒண்ணு குடுத்தான். பழைய கிராமபோன் மாதிரி சாவி குடுக்க வேணாம், குழாயும் கெடையாது. கதவுக்குப் பின்னால வெச்சா அசல் மனுசக் கொரல்தான்.

ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து எறங்கினாங்க.

"பொண்ணு கூச்சப்படுங்க. உள்ள ஒக்காந்துதான் பாடும்"னா கோவிந்தம்மா.

அம்சவள்ளி கும்புட்டுட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கினு ஊசிய வெச்சிச்சி. பாட்டு கெளம்பிச்சி.

விருத்தாசலம் கண்ண மூடித் தொடையில தாளம் போட்டாரு.

"கூட பிடிலு கேக்குதே?"

"பக்கத்து வூட்டு வாத்தியாருங்க. எந்நேரமும் இழுத்துக்கினே கெடப்பாரு."

"இவ சுதிக்கே இழுக்கறாரே, பலே."

திடீர்னு கர்ருனு ஒரு சத்தம். பாட்டு நின்னுபோச்சி.

"பிடிலும் சேந்து நின்னுடிச்சே?"

"மரியாத தெரிஞ்ச மனுசனுங்க."

உள்ள அரை வார்த்த வந்திச்சி. மறுபடி கர்ரு. கோவிந்தம்மா முந்திக்கினா.

"கமறலுங்க. காலையில வறுத்த மல்லாக்கொட்ட தின்னுடிச்சி."

அதுவரைக்கும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்திருந்த மாப்பிள்ளையோட அம்மா விசாலாட்சி, புள்ள காதுல என்னமோ முணுமுணுத்தாங்க. ஒடனே தேவநாதன் தண்ணிச் சொம்பத் தூக்கிக்கினு, கதவத் தள்ளி உள்ள போயிட்டான்.

"டேய், மொறை தெரியாதவனே! தாலி கட்டறதுக்கு முன்ன பொண்ணு இருக்கற ரூமுக்குள்ள போறியே"ன்னு விசாலாட்சி கத்தினாங்க.

கோவிந்தம்மா பின்னாலயே ஓடினா.

உள்ள பிளேட்டு அது பாட்டுக்குச் சுத்திக்கினு இருக்குது. தேவநாதன் பொட்டி முன்னால குத்துக்கால் போட்டு ஒக்காந்து, ஊசி மாட்டுற தலையப் பெரட்டிப் பாக்கறான்.

"காண்டாக்டு போயிருக்கு. ஒரு கொண்ட ஊசி குடு"ன்னான்.

அம்சவள்ளி தலையிலேந்து உருவிக் குடுத்திச்சி. ஊசித் தலைக்குப் பின்னால மயிரு மாதிரி ரெண்டு ஒயரு. அத புடுங்கி, நுனியில பூத்திருந்த பச்சக் களிம்பச் சொரண்டினான். லூசாக் கெடந்த நுனிய பல்லால ஒரு கடி கடிச்சி இறுக்கி, திரும்பச் சொருகினான். ஊசிய வெச்சதும் பாட்டு கணீர்னு கெளம்பிச்சி.

வெளிய விருத்தாசலம், "ஹா, இப்பத்தான் தொண்ட தொறந்திருக்கு. தை மாசமே முகூர்த்தம் பாத்துடலாம்"னாரு.

கோவிந்தம்மா அவன் கையப் புடிச்சிக்கினா.

"தம்பி, ஏமாத்திப்புட்டோம். உங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம் சாமி."

கொண்ட ஊசியத் திருப்பிக் குடுக்காம சட்டை ஜோப்புல போட்டுக்கினே தேவநாதன் சொன்னான்:

"'பொட்டி மக்கர் பண்ணுது, ஜல்தியாப் போய்ப் பாருடா, பொண்ணு பாவம்'னு அனுப்பினதே அம்மாதான் அத்தே. போன வருசம் என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அவளுக்கும் பாட்டு வராது, அன்னிக்குக் கட்டிலடியில படுத்துக்கினு பொட்டிக்குச் சாவி குடுத்தவங்க யாருன்னு நெனச்சீங்க?"