அரைக்கிலோ அசரை

சென்னியப்பன் வாங்கிவந்த மீன்கள் சட்டியில் உயிரோடு துள்ள, பஞ்சவர்ணம் அதில் பாலை ஊற்றினாள். பாலைக் குடித்தால்தான் அவை வயிற்றுச் சேற்றைக் கக்கும்.

"அயிரை நல்லாக் கக்கட்டும் புள்ள," என்றார் அவர்.

"அயிரையாம் அயிரை! மானாமதுரையில வந்து சொல்லிப் பாருங்க, ஊரே சிரிக்கும். அசரைங்க அது. பொண்டாட்டி ஊருப் பேரைச் சொன்னா வாய் வெந்துபோகுமோ?"

முப்பது வருடச் சண்டை. பவானிக்காரர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. சிரித்தபடியே சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

முப்பதாம் நாள் படையலுக்கு அவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். இந்த முறை அவள் சொல்லும் பெயரைச் சொல்லியே வாங்கிவருவது என்று சந்தைக்குப் போனார்.

"அரைக்கிலோ அசரை குடு அம்மிணி."

"அப்படி ஒரு மீனைக் கேள்விப்பட்டதே இல்லீங்களே," என்றாள் மீன்காரி வெள்ளையம்மா. அவள் முன்னால் அண்டா நிறைய அவை நெளிந்துகொண்டிருந்தன. மறுபடி சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"அயிரைதான்," என்றார் கடைசியில்.

"அட, அதைச் சொல்றதுக்கென்னங்ணா!" எடைபோட்டு முடித்தவள், எப்போதும்போல ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள். "இது வூட்டுல அக்காளுக்குங்க."