இறக்கத்துக்குத்தான் கணக்கு

"செகண்ட் ஹேண்ட் சைக்கிள், பின்னாடி ஸ்பிரிங்கும் இல்ல. மேட்டுல இறங்கித் தள்ளிக்கிட்டு வேற போறாங்க. உங்க வீட்டு ஆளா சார்?" என்று கேட்டார், மலைப் பந்தயத்தில் பக்கத்தில் நின்றவர்.

பெரியவருக்குக் குடும்ப மானமே சைக்கிளோடு தள்ளாடுவது போலிருந்தது. "யாரோ, தெரியல."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொடி பிடித்து நின்ற பெண்ணிடம் மெல்ல விசாரித்தார். "ஏம்மா, எதுக்குத் தள்ளணும்?"

"ஏத்தத்துக்கு நேரக் கணக்கு கிடையாதுங்க, இறக்கத்துக்கு மட்டுந்தான். விவரமான ஆளு, காலுக்குத் தெம்பைச் சேர்த்து வைக்கிறாங்க."

அந்தச் சைக்கிள் பாறை பாறையாகத் துள்ளி இறங்கியது. அதற்கே முதலிடம் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

"எங்க வீட்டு ஆள்தான்" என்று பெரியவர் நிமிர்ந்தார்.

"பேரனா?"

ஹெல்மெட்டைக் கழற்றி, நரைத்த கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள் அவர் மனைவி. "ஏங்க, மேட்டுல கையாட்டினேனே, ஏன் பாக்காத மாதிரி நின்னீங்க?"