வீட்டுக்காரர் பேர் என்ன?

“ஏம்மா, உன் வீட்டுக்காரர் பேர் என்னன்னுதானே கேட்டேன்? அதுக்கு ஏன் இப்படி நெளியுறே?”

அதிகாரி வைஜெயந்தி பேனாவை மேசைமேல் போட்டாள். எதிரே அன்னம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது.

நாடு விட்டு நாடு கட்டிக்கொண்ட கல்யாணம். நிஜக் கல்யாணம்தான் என்று வைஜெயந்தி எழுதிக் கொடுத்தால்தான் விசா நீளும். இல்லாவிட்டால் ஜோடியில் ஒருவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான் அந்தமானின் லாங் ஐலண்ட் தீவிலிருந்து படகேறி மாயாபந்தருக்கு வந்திருந்தார்கள்.

டெர்வின் தன் பங்கை முதலிலேயே முடித்துவிட்டான். மனைவி பெயர், பிறந்தநாள், அவளுக்குப் பிடிக்காத காய் என்று எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில். இப்போது வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

அன்னம்மாவும் அதுவரை பிரமாதம்தான். “அவங்களுக்குச் சூரை மீன் குழம்புன்னா உசிரு மேடம். புளி கம்மியா இருக்கணும். படுத்தா கொறட்டை, படகுத்துறை வரைக்கும் கேக்கும். சோப்பைத் தண்ணியிலயே ஊறப் போட்டுட்டு வந்துருவாங்க, அதுக்குத்தான் தெனமும் சண்டை” என்று பொரிந்து தள்ளியவள்தான். கடவுளே, ஒரு மனைவிக்கு இதற்கு மேல் என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஆனால் பெயர் என்றதும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

“சரி, வீட்டுல எப்படிக் கூப்பிடுவே?”

“இஞ்சாருங்கம்பேன்.”

“மத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?”

“பேரைச் சொல்லித்தான்.”

“அட, அந்தப் பேரைத்தாம்மா நானும் கேக்குறேன்!”

“புருசன் பேரைச் சொல்லப்படாதுல்லா மேடம். ஆயுசு கொறைஞ்சிரும். அவங்க டூரிஸ்ட்டைக் கூட்டிக்கிட்டுத் தெனமும் கடலுக்கு அடியில போற ஆளு. நான் பாட்டுக்குச் சொல்லிட்டு, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து மேசை பாலகுமார் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். “மேடம், பக்கா நக்லி! சுத்தப் போலி. கட்டினவன் பேரே தெரியல. ரிஜெக்ட்னு போட்டுரட்டா?”

கதவோரம் உட்கார்ந்திருந்த செல்வம்மாள் துள்ளி எழுந்தாள். அன்னம்மா வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுவது இவளைத்தான்.

“அரே, நீ சும்மா கெட தம்பி! நாங்க கடல்ல பொழைக்கிற குடும்பம். நாந்தான் சொல்லப்படாதுன்னு சொல்லி வச்சேன்.” அப்படியே அன்னம்மா பக்கம் திரும்பினாள். “ஏட்டி, ஒரே ஒரு தடவ சொல்லித் தொலையேன். சேசு மன்னிப்பாரு!”

“நீங்கதானம்மா செத்தாலும் சொல்லப்படாதுன்னீங்க?”

“அது வீட்டுல சொன்னது. இது கவுர்மெண்டுட்டி!”

வைஜெயந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரி, ஒரு துப்பாவது குடு. முருகன்னா, மயில்மேல வர்றவர்னு சொல்வாங்களே, அந்த மாதிரி.”

“அம்மாவுக்குக் கவலையில்ல மேடம். சர்ச்ல அந்தோணியார் சிலையைக் காட்டினாலே அப்பா பேரு புரிஞ்சிரும். இவங்க பேருல ஒரு புனிதரும் இல்லியே! நான் யாரைக் காட்டுவேன்?”

“எழுதியாவது காட்டச் சொல்லுங்க மேடம்” என்றான் பாலகுமார்.

“எழுதினா மட்டும் ஆயுசு கூடுமா சார்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெர்வின் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். அவள் பார்க்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைஜெயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலில் விளையாட்டு இல்லை. “கடைசியா கேக்குறேன். சொல்லலைன்னா கையெழுத்து இல்ல. நாட்டை விட்டே அனுப்பிருவாங்க. பரவால்லையா?”

செல்வம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்னம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“அவங்க நல்லா இருந்தாப் போதும் மேடம்.”

வைஜெயந்தி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பேனாவை எடுத்துச் சரசரவென்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினாள்.

“மேடம்! பேரே வரலையே!” என்று பதறினான் பாலகுமார்.

“வராதுய்யா. நான் மதுரைக்காரி, என் புருஷனை வாடா போடாங்குறேன். இந்தப் பொண்ணு பின்லாந்துல அன்னாவாப் பொறந்து, கட்டினவனுக்காக இங்க வந்து தமிழும் கத்துக்கிட்டு அன்னம்மாவாகி, மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தன் விசாவையே விடத் துணிஞ்சிருச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம்யா வேணும் உனக்கு?”