பத்துக்குப் பத்து

“சாக்ஸ் மாட்டிக்க சிரமப்படறாரா அக்கா?”

போனில் அந்த அக்கா சுரத்தில்லாமல் சொன்னாள். “இல்லம்மா. கட்டில்ல உட்கார்ந்து, காலை மடிச்சு, அவரே மாட்டிக்கிட்டார்.”

பத்துக்குப் பத்து என்று படிவத்தில் எழுதினாள் பிசியோதெரபிஸ்ட். ஆனால் மனசு ஒப்பவில்லை. நல்ல சேதியை யாராவது இழவு சொல்வதுபோல் சொல்வார்களா?

போன வருஷம் இந்த அக்காவின் கணவருக்கு இடுப்பு மூட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. குனிந்தால் இடிக்கும், உட்கார்ந்தால் குத்தும். துருத்தலைச் சீவி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கத்தி என்றதுமே அக்கா பயந்து பின்வாங்கினாள். “பழைய ஆளா எழுந்து நடப்பார், நான் பொறுப்பு” என்று கையைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தவள் இந்தப் பிசியோதெரபிஸ்ட்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம், தினமும் இரண்டு வேளை, அக்காதான் அவருடைய குதிகாலைத் தாங்கிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தாள். வலியில் அவர் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். அத்தனையும் வீணாகியிருந்தால் அந்தப் பாவம் தன் தலையில்தான் விடியும் என்று பிசியோதெரபிஸ்ட் பயந்தாள்.

“மாடிப்படி?”

“மூணு மாடி. லிஃப்ட் ரிப்பேர். கைப்பிடியைக்கூடத் தொடல.”

“கனமா ஏதாவது தூக்க முடியுதா?”

“ரெண்டு பெட்டி. கைக்கு ஒண்ணா தூக்கிட்டு இறங்கினார்.”

“அம்மாடி, நான்கூடத் தூக்க மாட்டேனே!” என்று சிரிக்கப் பார்த்தாள். அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

“கார்ல ஏறி உட்காரும்போது வலி?”

“முன் சீட்லதான் ஏறினார். முகத்துல ஒரு சுளிப்பு இல்ல.”

எல்லாம் பத்துக்குப் பத்து. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பேனாவை வைத்துவிட்டாள்.

“அக்கா, நான் வருத்தப்படுவேன்னு மறைக்காதீங்க. வலி மறுபடி வந்துடுச்சா? போனை அவர்கிட்ட கொடுங்க, நான் பேசறேன்.”

“வலியெல்லாம் இல்லம்மா. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட.” அழுகையை விழுங்குவது கேட்டது. “அடுத்ததைக் கேளு.”

ஒரு கேள்விதான் மீதி இருந்தது.

“நடந்துட்டிருக்கும்போது, ஆபரேஷன் பண்ண காலை ஊன்றித் திரும்பினா வலிக்குதா அக்கா?”

“அது மட்டும் தெரியலம்மா. என்னை விட்டுட்டு இன்னொருத்தியோட கிளம்பினப்ப, வாசல்ல நின்னு நான் கூப்பிடக் கூப்பிட, அவர் ஒரு தடவைகூடத் திரும்பல.”