திருச்சுழி மண்ணின் உப்பு

பேராசிரியர் ஆனந்தகுமார் காய்ந்த கொத்தவரங்காய் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார். கண்ணை மூடி மென்றவர், மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"உப்பு! கரிக்குது பாரும்மா! இதுதான் நம்ம திருச்சுழி மண்ணு. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சும்மாவா சொன்னாக?"

எதிரே நின்ற மாணவி ஸ்ரீமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலாவது முறையாக இந்த அறைக்கு வந்திருக்கிறாள். முந்தைய மூன்று முறையும் அழுதுகொண்டேதான் வெளியே போனாள்.

யூரியாவை அள்ளிப் போட்டால், செடி தின்றது போக மிச்சத்தை நைட்ரேட்டாகக் காயில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கொத்தவரையில் அது எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. 'திருச்சுழிக் கொத்தவரையில் நைட்ரேட் குறைவு, தண்ணீர் குறைவு, உப்பு அதிகம்' என்று இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்து டாக்டர் பட்டம் வாங்கியவர் ஆனந்தகுமார். ஸ்ரீமதிக்கோ எல்லாமே நேர்மாறாக வந்தது. நைட்ரேட் எக்கச்சக்கம், தண்ணீர் ஏராளம், உப்பு பேருக்குக்கூட இல்லை.

"என் கண்டுபிடிப்பு தப்பா இருக்காது. உன் கைதான் தப்பு" என்று சார் மூன்று முறையும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் படிப்பு முடியாது. திங்கட்கிழமை மதுரையில் சேர வேண்டிய வேலையும் கைநழுவிப் போய்விடும்.

கடைசியில் அவரே மனம் இரங்கி ஒரு வழி சொன்னார். "காலேஜ் மெஷின்ல காய வச்சா காயோட குணமே போயிரும். நான் அந்தக் காலத்துல ரூம் எடுத்துத் தங்கி, மொட்டை மாடி வெயில்லதான் காய வச்சேன். அப்படிச் செஞ்சு பாரு."

அப்படியே செய்தாள். பாளையம்பட்டியில் தான் குடியிருக்கும் வீட்டு மாடியில் பன்னிரண்டு தட்டுகளில் காயைப் பரப்பி, தட்டுக்கு ஒரு சீட்டு வைத்தாள். அன்றே நரிக்குடியில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"நீ நிம்மதியாப் போயிட்டு வாத்தா. நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பி வைத்தாள் வீட்டுக்காரம்மா முத்துமாரியம்மாள். அஞ்சாம் நாள் போன் போட்டு, "வரும்போது கல்லுப்பு ஒரு பாக்கெட்டு வாங்கியா தாயி, சுத்தமாத் தீந்துபோச்சு" என்றாள்.

ஸ்ரீமதி ஊரிலிருந்து திரும்பியபோது காய் கலகலவென்று காய்ந்திருந்தது. சோதித்தால், சார் எழுதியது எழுதியபடியே வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

இப்போது சார் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தூக்குவாளியோடு உள்ளே நுழைந்தாள் முத்துமாரியம்மாள்.

"சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டியேத்தா, பஸ்ஸு புடிச்சு வாரேன்" என்றவளின் பார்வை மேஜைமேல் இருந்த தட்டில் விழுந்தது. "அட, இங்கதான் கொண்டாந்து வச்சிருக்கியா? காலையில ரசஞ்சோத்துக்குப் பொரிக்கலாம்னு வீடெல்லாம் தேடுனேன்!"

"எதைம்மா?" என்றாள் ஸ்ரீமதி.

"இந்த வத்தலத்தான். நீ பாட்டுக்கு உப்புக்கூடப் போடாமப் பச்சையாக் காயப்போட்டுட்டுப் போயிட்ட. அம்புட்டும் வீணாப்போயிருமேன்னு நாந்தேன் வேகவச்சு, தண்ணிய வடிச்சு, உப்பு மோருல ஊறப்போட்டுக் காயவச்சேன். சீட்டு மாறிறக் கூடாதுன்னு பன்னெண்டு சட்டியில தனித்தனியா!"

ஸ்ரீமதி சாரின் பேனாவைப் பார்த்தாள். கையெழுத்தும் போச்சு, வேலையும் போச்சு.

"சார், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று கையைக் கூப்பினாள்.

சார் திட்டவில்லை. முகத்தை ஆராய்ச்சித் தாளுக்குள் புதைத்துக்கொண்டு, கேட்ட பக்கம் கேட்காத பக்கம் எல்லாவற்றிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார், தலை நிமிராமலே.

அந்தக் குரலைக் கேட்டதும் முத்துமாரியம்மாள் அப்படியே நின்றாள். குனிந்து, தாளுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தி, நம்ம மாடி ரூம்பு ஆனந்து தம்பியா! அப்ப ஒங்க கொத்தவரைக்கும் நாந்தேன உப்புப் போட்டுக் குடுத்தேன்!"