பிறந்த ஊர் நேரம்

மேலமாசி வீதி கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்யாமளா அப்பாவிடம் கெஞ்சினாள். “ஜாதகம் சேரலேன்னு, நான் ஆசைப்படற அனந்தராமனை வேண்டாம்னு இன்னிக்கே சொல்லி அனுப்பிடாதீங்கோ. ஜாதகப் புரோகிராமைத் திருத்தியிருக்கேன்.”

“என்ன திருத்தினே?” என்றார் ஹாலாஸ்யம்.

“பிறந்த நேரம்னு எல்லாருக்கும் வெறும் மணி மட்டும்தான் எழுதியிருக்கு, எந்த ஊர் மணின்னு இல்லே. எல்லாத்தையும் மதுரை நேரமாவே எண்ணிட்டிருந்தோம். இப்போ புரோகிராமுக்கு ஒவ்வொரு ஆளும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது அவா விவரமெல்லாம் ஒண்ணாக் கட்டின பொட்டலம். அந்த ஆள் பிறந்த ஊரைப் பார்த்து, அந்த ஊர் நேரப்படி கணக்குப் போடும்.”

அச்சாகி வந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“ஒரு பொருத்தம்கூட இல்லையேடி! இவா சேர்ந்தா ஒரு வருஷம் தாங்காது. உன் மெஷினே சொல்லிடுத்து. அவனை மறந்துடு.”

ஸ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது எங்க ஜாதகம் இல்லேப்பா. நாங்க ரெண்டு பேரும் மதுரையிலேயே பிறந்தவா, எங்களுக்கு எதுவும் மாறாது. இந்தப் பொண்ணு பிறந்தது ரங்கூன்ல.”

காகிதத்தில் இருந்த பிறந்த தேதியை ஹாலாஸ்யம் இப்போதுதான் பார்த்தார். ரங்கூனில் பிறந்தவள் அவர் வீட்டில் ஒருத்திதான், அவர் மனைவி பாலாம்பாள்.

“உங்க கல்யாணத்துக்கு அம்மா பிறந்த நேரத்தையும் மதுரை நேரமா எண்ணித்தான் பொருத்தம் பார்த்திருக்கா. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுப்பா.”

“இதைக் கிழிச்சுப் போடு. அம்மாகிட்ட மூச்சு விடாதே.”

வாசல்வரை போனவர் திரும்பினார். “சாயங்காலம் அந்தப் பையனை வரச் சொல்லு. பாலாவைச் சொஜ்ஜி கிளறச் சொல்றேன்.”